எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கும் மருந்துகள்: யாருக்கு, எப்போது, எங்கே?

எச்.ஐ.வி. தொற்று ஏற்பட்டவர்களுக்கு அரசு மருத்துவமனைகளில் கூட்டு மருந்துச் சிகிச்சை இலவசமாக வழங்கப்படுவது இன்று பலருக்கும் தெரிந்த செய்தி. தொற்று ஏற்படாமலே தடுக்கும் மருந்துகளும் உள்ளன என்பதை அறிந்தவர்கள் குறைவு. அறிந்தவர்களிலும் அதை எங்கே கேட்பது, எந்த நேரத்துக்குள் கேட்பது, கேட்டால் ஊருக்குத் தெரிந்துவிடுமோ என்ற தயக்கங்கள் பலருக்கு உண்டு. ஆரணி போன்ற நெசவு ஊர்களில் ஒரு தெருவே ஓர் உறவுக்கூட்டமாக வாழ்கிறது. அங்கே இந்தத் தயக்கம் இன்னும் கூடுதல்.

நோயாளிகள், அவர்களைப் பராமரிப்போர், தமக்குத் தொற்று வாய்ப்பு உண்டோ என்று ஐயுறுவோர் ஆகியோருக்காக இப்பக்கம் எழுதப்பட்டுள்ளது. இதன் சாரம் ஒன்றே: தடுப்பு மருந்துகள் நன்றாக வேலை செய்கின்றன, ஆனால் உரிய நேரத்தில் கேட்டுப் பெற்றால் மட்டுமே வேலை செய்கின்றன.

மருந்து தொற்றை எவ்வாறு தடுக்கிறது?

எச்.ஐ.வி. உடலுக்குள் நுழைந்ததும் நோய் எதிர்ப்புக்குப் பொறுப்பான சி.டி.4 வகை வெள்ளையணுக்களைத் தேடிச் செல்கிறது. அணுவுக்குள் புகுந்து, தன் மரபுப் பொருளைப் படியெடுத்து, அந்தப் படியை மனித அணுவின் மரபுப் பொருளோடு இணைத்துவிடுகிறது. இணைந்த பின் அதை நீக்கும் மருந்து இன்று வழக்கில் இல்லை. நெய்து முடித்த சேலையிலிருந்து ஓர் ஊடை இழையை மட்டும் உருவி எடுக்க இயலாதது போன்றது இது. சிகிச்சை மருந்துகள் வைரஸை அடக்கி வைக்கும், முற்றிலும் வெளியேற்றுவதில்லை.

தடுப்பு மருந்து இந்த இணைப்பு நிகழ்வதற்கு முன்பே குறுக்கிடுகிறது. டெனோஃபோவிர், எம்ட்ரிசிடபின், லாமிவுடின் போன்றவை படியெடுக்கும் வேலையை நிறுத்துகின்றன. டோலுடெக்ராவிர் இணைப்பு வேலையை நிறுத்துகிறது. எனவே வைரஸ் நிலைகொள்வதற்கு முன் மருந்து உடலில் போதிய அளவில் இருந்தாக வேண்டும். கீழே வரும் கால வரம்புகள் அனைத்துக்கும் காரணம் இதுவே.

மருந்தால் தொற்றைத் தடுக்கும் வழிகள் நான்கு:

1. தொற்று வாய்ப்பு நேர்ந்த பின் 72 மணி நேரத்துக்குள் தொடங்கும் மருந்து.
2. தொற்று வாய்ப்பு தொடர்ந்து உள்ளவர்கள் முன்கூட்டியே உட்கொள்ளும் மருந்து.
3. தொற்று உள்ளவர் தம் சிகிச்சையைச் சரியாக எடுத்து, துணைவருக்குப் பரவாமல் காத்தல்.
4. தொற்று உள்ள தாயிடமிருந்து குழந்தைக்குப் பரவாமல் தடுக்கும் மருந்து.

வழி 1: 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டிய மருந்து

இதைச் சுருக்கமாகப் ‘பெப்’ என்பர். பாலியல் வன்முறைக்கு உள்ளானவர்கள், மருத்துவமனைப் பணியில் ஊசி குத்திக்கொண்டவர்கள், பிறருடைய இரத்தம் கண்ணிலோ வாயிலோ காயத்திலோ பட்டவர்கள் ஆகியோருக்கு இது பொருந்தும். ஆணுறை கிழிந்தது போன்ற நிலைகளில் மருத்துவர் தொற்று வாய்ப்பை மதிப்பிட்டு முடிவு செய்வார்.

முதல் மாத்திரையை எவ்வளவு விரைவில் உட்கொள்கிறீர்களோ அவ்வளவு நன்று. முதல் 2 மணி நேரத்துக்குள் என்பது சிறந்தது. 72 மணி நேரம் என்பது இறுதி வரம்பு. அதற்குப் பின் தொடங்கினால் பயன் எதிர்பார்க்க இயலாது. டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் ஆகிய மூன்றும் சேர்ந்த ஒரே மாத்திரையை நாளொன்றுக்கு ஒருமுறை, 28 நாட்கள், ஒரு நாளும் விடாமல் உட்கொள்ள வேண்டும்.

உடனடியாகச் செய்ய வேண்டியவை:

• ஊசி குத்திய இடத்தையோ காயத்தையோ சோப்பும் ஓடும் நீரும் கொண்டு கழுவுங்கள். பிதுக்கி இரத்தம் எடுக்க வேண்டாம். டிங்க்சர், பிளீச்சிங் கரைசல் போன்றவற்றை ஊற்ற வேண்டாம்.
• கண்ணில் பட்டிருந்தால் தூய நீரால் நன்கு அலசுங்கள்.
• அருகிலுள்ள அரசு மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லுங்கள். இரவானாலும் ஞாயிற்றுக்கிழமையானாலும் காத்திருக்க வேண்டாம்.

தொற்று உள்ளவருக்குப் பயன்படுத்திய ஊசி குத்தினால் தொற்று ஏற்படும் வாய்ப்பு ஏறத்தாழ 1,000 பேரில் 3 பேருக்கு மட்டுமே. ஆகவே பதற்றம் வேண்டாம். ஆனால் அந்த மூவரில் ஒருவராக ஆகாமல் இருக்க மருந்து உள்ளபோது, அதைத் தவறவிடவும் வேண்டாம்.

பாலியல் வன்முறைக்கு உள்ளானவர்களின் குடும்பத்தினர் கவனிக்க: காவல் நிலையத்தில் புகார் பதிவான பின்புதான் சிகிச்சை என்று எவரும் கூறக் கூடாது. அரசு மருத்துவமனையாயினும் தனியார் மருத்துவமனையாயினும் முதலுதவியும் சிகிச்சையும் கட்டணமின்றி உடனே அளிக்க வேண்டும் என்பது சட்டம். குடும்ப மானம் பற்றிய பேச்சிலும் உறவினர்களைக் கூட்டிக் கலந்து பேசுவதிலும் இரண்டு, மூன்று நாட்கள் கழிந்துவிடுவது உண்டு. அந்த நாட்களே மருந்துக்கு உரிய நாட்கள். முதலில் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். மற்ற முடிவுகளைப் பின்னர் எடுக்கலாம். பெண்களுக்கான உதவி எண் 181; குழந்தைகளுக்கான உதவி எண் 1098.

வழி 2: முன்கூட்டியே உட்கொள்ளும் மருந்து

இதைச் சுருக்கமாகப் ‘பிரெப்’ என்பர். டெனோஃபோவிர், எம்ட்ரிசிடபின் ஆகிய இரண்டும் சேர்ந்த மாத்திரை இதற்குப் பயன்படுகிறது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2012 ஆம் ஆண்டு இதற்கு ஒப்புதல் அளித்தது. தொற்று வாய்ப்பு மிகுந்த அனைவருக்கும் இதை வழங்கலாம் என உலக சுகாதார நிறுவனம் 2015 ஆம் ஆண்டு பரிந்துரைத்தது. விடாமல் உட்கொண்டால், உடலுறவு வழிப் பரவும் தொற்றை ஏறத்தாழ 99 விழுக்காடு தடுக்கிறது.

இம்மருந்து யாருக்குப் பயன்படும்?

• துணைவருக்குத் தொற்று இருந்து, அவர் இப்போதுதான் சிகிச்சை தொடங்கியிருப்பவர் அல்லது சிகிச்சையை ஒழுங்காக எடுக்காதவரின் துணைவர்.
• பாலியல் தொழிலில் உள்ளோர், ஆணோடு உறவு கொள்ளும் ஆண்கள், திருநங்கையர் ஆகியோரில் தொற்று வாய்ப்பு தொடர்ந்து உள்ளவர்கள்.
• ஊசி வழியாகப் போதைப்பொருள் ஏற்றிக்கொள்வோர்.
• பால்வினை நோய் அண்மையில் ஏற்பட்டவர்கள், பெப் மருந்தை மீண்டும் மீண்டும் எடுக்க நேர்ந்தவர்கள்.

இப்பட்டியல் எவரது ஒழுக்கத்தையும் எடைபோடுவதற்கு அன்று. எந்தத் தொழிலுக்கும், எந்தச் சாதிக்கும், எந்த ஊருக்கும் உரிய நோயும் அன்று இது. ஒரே தறியில் அமர்வதாலோ, ஒரே பாத்திரத்தில் உண்பதாலோ, கொசுக்கடியாலோ இது பரவாது.

தொடங்கும் முன்: முதலில் எச்.ஐ.வி. பரிசோதனை செய்து, தொற்று இல்லை என உறுதி செய்ய வேண்டும். தொற்று இருப்பதை அறியாமல் இந்த இரு மருந்துகளை மட்டும் உட்கொண்டால், வைரஸ் அவற்றுக்குப் பழகி, பின்னர் சிகிச்சை கடினமாகும். கடந்த ஒரு மாதத்தில் காய்ச்சல், தோல் தடிப்பு, நெறிகட்டுதல் இருந்திருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். அவை புதுத் தொற்றின் அறிகுறிகளாகவும் இருக்கலாம். சிறுநீரகச் செயல்பாடு, ஹெபடைடிஸ்-பி, பால்வினை நோய்கள் ஆகியவற்றுக்கான பரிசோதனைகளும் தேவை.

தொடங்கிய பின்: பாதுகாப்பு முதல் நாளே முழுமையாகக் கிடைத்துவிடாது. உடலுறவின் வகையைப் பொறுத்து 7 நாட்கள் முதல் 3 வாரங்கள் வரை நாள்தோறும் உட்கொண்ட பின்பே மருந்து போதிய அளவை எட்டும். முதல் மாத முடிவில் ஒருமுறையும், பின்னர் 3 மாதங்களுக்கு ஒருமுறையும் எச்.ஐ.வி. பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். குமட்டல், தலைவலி, வயிற்று உபாதை ஆகியவை சிலருக்கு முதல் மாதத்தில் வந்து தாமாகவே அடங்கும்.

நெசவுத் தொழிலில் உள்ளோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். குழித்தறியில் நெடுநேரம் அமர்வதால் வரும் முதுகுவலி, முழங்கால் வலிக்காக மருந்துக்கடையில் டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளை நாள்தோறும் வாங்கி உட்கொள்பவர்கள் பலர். டெனோஃபோவிரோடு இவற்றைத் தொடர்ந்து சேர்த்து உட்கொண்டால் சிறுநீரகம் பாதிக்கப்படலாம். எந்தெந்த மாத்திரைகளை எடுக்கிறீர்கள் என்பதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். ஹெபடைடிஸ்-பி உள்ளவர்கள் பிரெப் மருந்தைத் தாமாக நிறுத்தக் கூடாது. கல்லீரல் அழற்சி திடீரெனக் கூடக்கூடும்.

இம்மருந்து எச்.ஐ.வி.யை மட்டுமே தடுக்கும். மேகப்புண், வெட்டை போன்ற பால்வினை நோய்களையோ கருத்தரிப்பையோ தடுக்காது. எனவே ஆணுறையைக் கைவிட வேண்டாம்.

வழி 3: சிகிச்சையே தடுப்பாகும்

கணவருக்குத் தொற்று உண்டு, மனைவிக்கு இல்லை. அல்லது மனைவிக்கு உண்டு, கணவருக்கு இல்லை. இத்தகைய இணையருக்கு மிகப் பெரிய நம்பிக்கையை அளித்த ஆய்வில் சென்னைக்கும் பங்கு உண்டு. 9 நாடுகளில் 1,763 இணையரிடம் நடந்த அந்த ஆய்வின் மையங்களுள் ஒன்று சென்னையில் உள்ள ஒய்.ஆர்.ஜி. கேர் நிறுவனம். தொற்று உள்ளவர் காலம் தாழ்த்தாமல் கூட்டு மருந்தைத் தொடங்கினால், துணைவருக்குப் பரவுவது 96 விழுக்காடு குறைகிறது என 2011 ஆம் ஆண்டு மே மாதம் வெளியான அதன் முடிவு காட்டியது. பின்வந்த ஆய்வுகள், இரத்தத்தில் வைரஸ் அளவு கண்டறிய இயலாத நிலைக்குத் தொடர்ந்து அடங்கியிருப்பவரிடமிருந்து உடலுறவு வழியாகத் தொற்று பரவுவதில்லை என்பதை உறுதி செய்துள்ளன.

இந்த நிலையை எட்ட மாதங்கள் ஆகும். பொதுவாக முதல் 6 மாதங்களைக் கவனமான காலமாகக் கொள்ள வேண்டும். அந்த இடைக்காலத்தில் தொற்று இல்லாத துணைவருக்கு ஆணுறையும், தேவையெனில் பிரெப் மருந்தும் பாலமாக அமையும். வைரஸ் அளவுப் பரிசோதனையின் முடிவை ஏ.ஆர்.டி. மையத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். “நன்றாக இருக்கிறேன்” என்ற உணர்வு அந்தப் பரிசோதனைக்கு மாற்று ஆகாது. குழந்தை பெற விரும்பும் இணையர் முதலில் மருத்துவரிடம் பேசுங்கள். துணைவருக்கும் குழந்தைக்கும் தொற்று இன்றிப் பிள்ளை பெற இன்று வழி உண்டு.

வழி 4: தாயிடமிருந்து குழந்தைக்கு

மருந்தால் எச்.ஐ.வி.யைத் தடுக்க முடியும் என்பது முதன்முதலில் தெளிவானது இந்த வழியில்தான். 1994 ஆம் ஆண்டு வெளியான ஆய்வு ஒன்றில், ஜிடோவுடின் மருந்து பெற்ற தாய்மாரின் குழந்தைகளில் தொற்று 25.5 விழுக்காட்டிலிருந்து 8.3 விழுக்காடாகக் குறைந்தது. இன்று தாய்க்கு முழுமையான கூட்டு மருந்து அளிக்கப்படுவதால் நிலைமை இன்னும் மேம்பட்டுள்ளது. எந்தத் தடுப்பும் இல்லாவிடில் 100 குழந்தைகளில் 15 முதல் 45 குழந்தைகளுக்குத் தொற்று ஏற்படலாம். உரிய மருந்தும் கண்காணிப்பும் இருந்தால் இதை 5-க்கும் கீழே கொண்டுவர முடியும்.

இதற்கு நீங்கள் செய்ய வேண்டியவை:

• கருவுற்றதை உறுதி செய்தவுடன் கிராம, நகர்ப்புறச் செவிலியரிடம் பதிவு செய்து, எச்.ஐ.வி., மேகநோய்ப் பரிசோதனைகளை முதல் வருகையிலேயே செய்துகொள்ளுங்கள்.
• தொற்று உறுதியானால் அன்றே கூட்டு மருந்து தொடங்கலாம். பேறுகாலத்துக்குப் பின்பும் வாழ்நாள் முழுவதும் தொடர வேண்டும்.
• பிரசவத்தை மருத்துவமனையில் வைத்துக்கொள்ளுங்கள். தாய்வீட்டுக்குச் செல்லும் வழக்கப்படி வேறு ஊரில் பிரசவம் நிகழுமானால், அங்குள்ள மருத்துவமனைக்கு முன்கூட்டியே தெரிவிக்க ஏ.ஆர்.டி. மையத்தில் கடிதம் பெற்றுச் செல்லுங்கள்.
• குழந்தைக்குப் பிறந்தவுடன் தொடங்கிக் குறைந்தது 6 வாரங்கள் தடுப்பு மருந்து தரப்படும்.
• முதல் 6 மாதங்கள் தாய்ப்பால் மட்டும். அல்லது மருத்துவ ஆலோசனையின் பேரில் மாற்றுப்பால் மட்டும். இரண்டையும் கலந்து தர வேண்டாம். சர்க்கரைத் தண்ணீர், சேனை, தேன் எதுவும் வேண்டாம்.
• குழந்தைக்கு 6 ஆவது வாரத்தில் முதல் பரிசோதனை. 18 மாதங்கள் வரை குறித்த நாட்களில் மற்றவை. இறுதிப் பரிசோதனை முடியும் வரை கண்காணிப்பை விடாதீர்கள்.

மருந்து இருந்தும் ஏன் கைக்கு எட்டுவதில்லை?

ஆப்பிரிக்காவின் மூன்று நாடுகளில் 5,029 பெண்களிடம் நடந்த ஓர் ஆய்வில் பிரெப் மாத்திரை பயன் தரவில்லை. காரணம் மருந்தின் குறையன்று. மாத்திரை கொடுக்கப்பட்ட பெண்களின் இரத்த மாதிரிகளுள் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவானவற்றிலேயே மருந்து காணப்பட்டது. மாத்திரை கையில் இருந்தது, உடலுக்குள் செல்லவில்லை. சென்னையிலும் மும்பையிலும் ஆணோடு உறவு கொள்ளும் ஆண்களிடம் நடந்த ஆய்வில், இம்மருந்தை அறிந்துகொண்ட பலர் பயன்படுத்த விரும்பினர். ஆனால் மாத்திரையைக் கண்ட குடும்பத்தார் தமக்கே தொற்று இருப்பதாக எண்ணிவிடுவர் என்ற அச்சத்தையும் தெரிவித்தனர்.

இதற்கு மாறான அனுபவமும் நம் நாட்டிலேயே உண்டு. கொல்கத்தாவின் சோனாகாச்சியிலும் மைசூரு வட்டாரத்திலும் பாலியல் தொழிலில் உள்ள பெண்களின் அமைப்புகளான துர்பாரும் அசோதயா சமிதியும் பிரெப் வழங்கும் செயல்முறைத் திட்டங்களை நடத்தின. இரண்டிலும் சேர்ந்து 1,300-க்கும் மேற்பட்ட பெண்கள் பங்கேற்றனர். திட்டக் காலத்தில் புதிய எச்.ஐ.வி. தொற்று ஒன்றும் பதிவாகவில்லை. மருந்து ஒன்றே, வழங்கிய முறை வேறு. தம்மைப் போன்றவர்களே வந்து விளக்கினர், நினைவூட்டினர், குறை கேட்டனர். எவரிடமும் ஒளிந்து உட்கொள்ள வேண்டியதில்லை என்ற நிலை அங்கே உருவாக்கப்பட்டது.

ஆரணியின் நெசவுக் குடும்பங்களில் வீடே தொழிற்கூடம். தறி, பாவு, ஜரிகை, சமையல், உறக்கம் அனைத்தும் ஒரே கூரையின் கீழ். மாத்திரைக் குப்பியை எங்கே வைப்பது என்பதே பெரிய கேள்வியாகிவிடும். ஒரு நாள் மருத்துவமனைக்குச் சென்றால் அன்றைய நெசவு நிற்கும். எங்கே போனாய் என்ற கேள்வியும் வரும். இவை சிறு தடைகள் அல்ல. ஆயினும் கடக்கக் கூடியவை:

• ஒரு வாரத்துக்கு உரிய மாத்திரைகளை மட்டும் உலர்ந்த சிறு டப்பாவில் கையருகே வைத்துக்கொள்ளுங்கள். குப்பியை ஈரமும் வெயிலும் படாத இடத்தில் மூடி வையுங்கள்.
• நாள்தோறும் செய்யும் ஒரு செயலோடு மாத்திரையை இணைத்துக்கொள்ளுங்கள்: காலைத் தேநீர், இரவில் தறியை மூடும் நேரம்.
• உள்ளூரில் செல்லத் தயக்கம் இருந்தால் திருவண்ணாமலை, வேலூர் போன்ற வேறு ஊர் மையங்களுக்குச் செல்லலாம். சொந்த ஊரில்தான் பரிசோதனை என்ற கட்டாயம் இல்லை.
• வீட்டில் நம்பிக்கைக்குரிய ஒருவருக்கேனும் தெரிவியுங்கள். தனியே மறைத்துச் சுமப்பவர்களே பெரும்பாலும் பாதியில் நிறுத்திவிடுகின்றனர்.

உங்கள் விவரம் வெளியே தெரியுமா?

எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் (தடுப்பு மற்றும் கட்டுப்பாடு) சட்டம் 2017 ஆம் ஆண்டு நிறைவேறி, 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் உள்ளது. அதன்படி:

• உங்கள் ஒப்புதல் இன்றி எச்.ஐ.வி. பரிசோதனை செய்யக் கூடாது. பரிசோதனைக்கு முன்னும் பின்னும் ஆலோசனை தரப்பட வேண்டும்.
• உங்கள் தொற்று நிலையை உங்கள் ஒப்புதல் இன்றி வெளியிடக் கூடாது. சட்டம் குறித்துள்ள சில விதிவிலக்குகள் மட்டுமே உண்டு.
• வேலை, கல்வி, சிகிச்சை, வாடகை வீடு ஆகியவற்றில் தொற்று நிலையைக் காட்டிப் பாகுபாடு செய்வது சட்டப்படி தடைசெய்யப்பட்டுள்ளது.
• மருத்துவ சேவை தொடர்பான மீறல்களை விசாரிக்க மாநில அளவில் குறைதீர்ப்பாளரை நியமிக்க சட்டம் வகை செய்கிறது.

உங்கள் பெயரை உரக்க அழைத்தோ, கோப்பைப் பிறர் காண வைத்தோ எவரேனும் நடந்துகொண்டால், “தனியே பேச வேண்டும்” என்று கேட்பது உங்கள் உரிமை.

மருந்து எட்டும் தூரம் எவ்வாறு குறைந்தது?

இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று முதன்முதலில் கண்டறியப்பட்டது 1986 ஆம் ஆண்டு சென்னையில். சென்னை மருத்துவக் கல்லூரியின் பேராசிரியர் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலாவும் சேகரித்த இரத்த மாதிரிகள், ஆரணிக்கு அண்மையிலுள்ள வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பரிசோதிக்கப்பட்டன. டாக்டர் சாலமனே பின்னர் ஒய்.ஆர்.ஜி. கேர் நிறுவனத்தைத் தொடங்கினார். 1994 ஆம் ஆண்டு தமிழ்நாடு மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் அமைக்கப்பட்டது.

அப்போதைய கூட்டு மருந்து எளியோர் வாங்கக் கூடியதாக இல்லை. 2001 ஆம் ஆண்டு சிப்லா நிறுவனம் நாளொன்றுக்கு ஒரு டாலருக்கும் குறைவான விலையில் அதைத் தர முன்வந்தது. உலக அளவில் விலை சரியத் தொடங்கியது. 2004 ஏப்ரல் 1 அன்று இந்தியாவில் இலவசக் கூட்டு மருந்துத் திட்டம் தொடங்கியபோது, முதல் மையங்களுள் ஒன்றாகத் தாம்பரம் அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை இருந்தது. 2017 ஆம் ஆண்டு முதல், சி.டி.4 அளவு குறையும் வரை காத்திராமல், தொற்று உறுதியான அனைவருக்கும் உடனே சிகிச்சை என்ற முறை வந்தது.

சிகிச்சை மருந்து கடந்த பாதையைத் தடுப்பு மருந்து இப்போது கடந்து கொண்டிருக்கிறது. பிரெப் மாத்திரை மருத்துவரின் பரிந்துரைச் சீட்டின் பேரில் மருந்துக்கடைகளில் கிடைக்கிறது. கூட்டு மருந்து போல எல்லா அரசு மருத்துவமனைகளிலும் வழக்கமாக வழங்கப்படும் நிலையை அது இன்னும் எட்டவில்லை. மாதந்தோறும் அதை விலை கொடுத்து வாங்குவது நெசவுக் கூலியை நம்பிய குடும்பத்துக்குச் சுமையே. ஆகவே வாங்கும் முன் நம்பிக்கை மையத்தில் கேளுங்கள்; உங்கள் நிலைக்கு எந்த வழி பொருந்தும், எது இலவசமாகக் கிடைக்கும் என்று ஆலோசகர் சொல்வார்.

ஆண்டுக்கு இருமுறை மட்டும் செலுத்தும் லெனாகபவிர் என்னும் ஊசி மருந்தைப் பற்றிச் செய்திகளில் படித்திருப்பீர்கள். தென்னாப்பிரிக்காவிலும் உகாண்டாவிலும் நடந்த ஆய்வில் இந்த ஊசியைப் பெற்ற 2,134 பெண்களுள் ஒருவருக்கும் தொற்று ஏற்படவில்லை. 2025 ஜூலையில் உலக சுகாதார நிறுவனம் இதைப் பரிந்துரைத்தது. அமெரிக்காவில் இதன் ஆண்டு விலை 28,000 டாலருக்கும் மேல். ஐதராபாத்தைச் சேர்ந்த டாக்டர் ரெட்டீஸ், ஹெட்டரோ நிறுவனங்கள் இதை 2027 முதல் 120 நாடுகளுக்கு ஆண்டுக்கு ஒருவருக்கு ஏறத்தாழ 40 டாலர் விலையில் தயாரித்து அளிக்கும் என்று 2025 செப்டம்பரில் அறிவிக்கப்பட்டது. மாத்திரைக் குப்பியை மறைக்க இடமில்லாத வீடுகளுக்கு இது பெரும் விடுதலையாக அமையும். ஆயினும் வரவிருக்கும் ஊசிக்காகக் காத்திருந்து, இன்று கையில் உள்ள வழிகளைத் தவறவிட வேண்டாம்.

எங்கே செல்வது?

• பரிசோதனையும் ஆலோசனையும்: அரசு மருத்துவமனைகளில் உள்ள நம்பிக்கை மையம். பரிசோதனை இலவசம், முடிவு உங்களிடம் மட்டுமே தெரிவிக்கப்படும்.
• 72 மணி நேர மருந்து: அரசு மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவு. “எச்.ஐ.வி. தடுப்பு மருந்து வேண்டும், இத்தனை மணிக்கு நேர்ந்தது” என்று நேரத்தைக் குறிப்பிட்டுக் கேளுங்கள். அங்கு இருப்பில் இல்லையெனில் எந்த மருத்துவமனையில் உள்ளது என்று உடனே விசாரித்துத் தரச் சொல்லுங்கள்.
• கூட்டு மருந்துச் சிகிச்சை, வைரஸ் அளவுப் பரிசோதனை: ஏ.ஆர்.டி. மையம்.
• வீட்டிலிருந்தே கேட்க: தேசிய எய்ட்ஸ் உதவி எண் 1097. கட்டணம் இல்லை; பெயர் சொல்ல வேண்டியதும் இல்லை. உங்களுக்கு அருகிலுள்ள மையம் எது என்பதையும் கேட்டறியலாம். தமிழ்நாடு அரசின் மருத்துவ உதவி எண் 104.

பராமரிப்போருக்கு

தடுப்பு மருந்து உட்கொள்ளும் ஒருவர் உங்கள் வீட்டில் இருந்தால், அவர் தம்மையும் பிறரையும் காக்க முனைந்துள்ளார் என்று பொருள். அவருக்குத் தொற்று இருப்பதாகவோ நடத்தை சரியில்லை என்றோ முடிவுகட்ட வேண்டாம். “இன்று மாத்திரை போட்டாயா?” என்று அனைவர் முன்னும் கேட்பதைத் தவிருங்கள், தனியே நினைவூட்டுங்கள். பரிசோதனை நாளில் அவருடைய வேலையை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள். தறியில் ஓர் அரை நாள் பங்கு, அவருடைய மூன்று மாதப் பாதுகாப்பைக் காக்கும்.

அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு நாள் மாத்திரையை மறந்துவிட்டால் என்ன செய்வது?
நினைவு வந்தவுடன் உட்கொள்ளுங்கள். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் அந்த ஒன்றை மட்டும் உட்கொள்ளுங்கள்; இரண்டைச் சேர்த்து உட்கொள்ள வேண்டாம். அடிக்கடி மறந்தால் ஆலோசகரிடம் சொல்லுங்கள்.

கருத்தடை மாத்திரையோடு பிரெப் உட்கொள்ளலாமா?
உட்கொள்ளலாம். ஒன்றின் வேலையை மற்றொன்று கெடுப்பதில்லை.

பிரெப் வாழ்நாள் முழுவதும் தேவையா?
தேவையில்லை. தொற்று வாய்ப்பு உள்ள காலம் வரை போதும். எப்போது, எவ்வாறு நிறுத்துவது என்பதை மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

நண்பருடைய கூட்டு மருந்து மாத்திரையை வாங்கி உட்கொள்ளலாமா?
கூடாது. உங்களுக்குப் பாதுகாப்பு உறுதியாகாது. அவருடைய சிகிச்சையும் தடைபடும்.

பரிசோதனையில் தொற்று இருப்பது தெரிந்தால்?
அன்றே இலவச சிகிச்சைக்குப் பதிவு செய்யலாம். மருந்தை ஒழுங்காக உட்கொள்பவர்கள் வேலை செய்து, குடும்பம் நடத்தி, நீண்ட நாள் வாழ்கின்றனர்.

நினைவில் கொள்ள

இந்தியாவில் ஏறத்தாழ 25 லட்சம் பேர் எச்.ஐ.வி. தொற்றோடு வாழ்கின்றனர். ஆண்டுதோறும் 60,000-க்கும் மேற்பட்டோருக்குப் புதிதாகத் தொற்று ஏற்படுகிறது. இவற்றுள் பெரும்பாலானவை தவிர்க்கக் கூடியவை. தொற்று வாய்ப்பு நேர்ந்துவிட்டதா? 72 மணி நேரத்துக்குள் மருத்துவமனை. தொடர்ந்து வாய்ப்பு உள்ளதா? முன்கூட்டியே பரிசோதனையும் ஆலோசனையும். வீட்டில் ஒருவருக்குத் தொற்று உள்ளதா? அவருக்கு இடைவிடாத சிகிச்சை, துணைவருக்குப் பாதுகாப்பு. கருவுற்றிருக்கிறீர்களா? முதல் வருகையிலேயே பரிசோதனை.

ஐயம் இருந்தால் இன்றே 1097 என்ற எண்ணை அழையுங்கள்.